ஒரே வரைபடத்தில் இரண்டு புள்ளிவிவரங்கள்

கேள்வி: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தமிழ்நாட்டு மாவட்டங்களின் எழுத்தறிவையும் பாலின விகிதத்தையும் ஒரே வரைபடத்தில் வண்ணங்களால் காட்ட முயன்றேன். ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை என வைத்து, ஒவ்வொன்றையும் ஐந்து நிலைகளாகப் பிரித்தேன். மாணவர்களுக்குப் புரியவில்லை. எதை மாற்ற வேண்டும்?
– புவியியல் ஆசிரியை ஒருவர், சேலம்

பதில்: முதலில் நிலைகளைக் குறையுங்கள். ஐந்துக்கு ஐந்து என்றால் 25 வண்ணங்கள் வந்துவிடும். 32 மாவட்டங்களுக்கு அத்தனை வண்ணங்கள் இருந்தால் படத்தைப் பார்ப்பவர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும், எந்த வண்ணம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் குறிப்புக் கட்டத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1970களில் நான்குக்கு நான்காக 16 வண்ணங்களில் இத்தகைய வரைபடங்களை வெளியிட்டபோதே அவற்றைப் படிப்பது கடினம் என்ற விமர்சனம் எழுந்தது. ஹோவர்ட் வெய்னரும் கார்ல் பிரான்கோலினியும் 1980இல் அதை ஆய்வுக்கே உட்படுத்தினார்கள். மூன்றுக்கு மூன்று, ஒன்பது வண்ணங்கள் என்பதே வகுப்பறைக்கு ஏற்ற அளவு.

அடுத்தது வண்ணத் தேர்வு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத மாணவர் உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். அதைவிட அடிப்படையான குறை, அவ்விரண்டும் கலக்கும்போது வரும் பழுப்பு நிறம் ‘இரண்டுமே அதிகம்’ என்ற பொருளைக் கண்ணுக்கு உணர்த்துவதில்லை. குறிப்புக் கட்டத்தில் இரண்டும் குறைவான மூலைக்கு வெளிர் சாம்பல் கொடுத்து, அங்கிருந்து எழுத்தறிவு கூடக்கூட நீலப்பச்சையும், பாலின விகிதம் கூடக்கூட இளஞ்சிவப்பும் அடர்ந்துகொண்டே போகும்படி அமைத்தால், எதிர்மூலையில் அவை சேர்ந்து கருநீலமாகும். எந்த நிறம் என்று கவனிப்பதற்கு முன்பே, எது வெளிர், எது அடர்த்தி என்பது கண்ணில் பட்டுவிடும். கியூஜிஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் இரு புள்ளிவிவரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக இரு அடுக்குகளில் வைத்து, தனித்தனியே வண்ணமிட்டு, மேலடுக்கின் கலப்பு முறையை ‘மல்டிப்ளை’ (Multiply) என்று மாற்றினால் இந்தக் கலவை தானாகவே கிடைக்கும்.

எல்லைகளை எங்கே வெட்டுவது என்பதில்தான் நான் அதிகக் கவனம் கோருவேன். பாலின விகிதப்படி மாவட்டங்களை மூன்று ஏறக்குறையச் சமமான பங்குகளாகப் பிரித்தால், ஆயிரம் ஆண்களுக்கு 989 பெண்கள் உள்ள சென்னை மிகக் குறைந்த பங்கிலும், 990 உள்ள மதுரை நடுப் பங்கிலும் விழும். ஒரே ஒரு எண்தான் வேறுபாடு. படமோ அவற்றை இரு வேறு வகைகளாகக் காட்டும். ஆகவே வெட்டிய எண்களைப் படத்திலேயே அச்சிடுவது கட்டாயம். மாநிலச் சராசரிகளான 80.09 விழுக்காடு எழுத்தறிவையும் 996 என்ற பாலின விகிதத்தையும் அருகே குறிப்பிட்டால் இன்னும் நல்லது.

இப்படி வரைந்தால் என்ன தெரியும்? 68.54 விழுக்காடும் 946உம் கொண்ட தருமபுரி வெளிர் சாம்பலாகவும், 91.75உம் 1,019உம் கொண்ட கன்னியாகுமரி கருநீலமாகவும் நிற்கும், இவை எதிர்பார்க்கக்கூடியவையே. ஆனால் அரியலூரில் எழுத்தறிவு 71.34 மட்டுமே, பாலின விகிதமோ 1,015. அடர்ந்த இளஞ்சிவப்பில் அது தனித்துத் தெரியும்போது மாணவர்கள் ‘ஏன்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்த வகைப் படத்தை வரைய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். (பாலின விகிதம் உயர்ந்திருப்பதை உடனே முன்னேற்றம் என்று விளக்கிவிடாதீர்கள், ஆண்கள் பிழைப்புக்காக வெளியூர் போகும் இடங்களிலும் அது உயரும்.)

குறிப்புக் கட்டத்தை ஒரு மூலை கீழே வரும்படி சாய்த்து வைத்து, நான்கு மூலைகளிலும் ‘இரண்டும் குறைவு’, ‘எழுத்தறிவு மட்டும் அதிகம்’ என்பது போலச் சொற்களாலேயே எழுதுங்கள். சென்னையைத் தனியே பெரிதாக்கிக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அதன் நிறம் ஒரு புள்ளியாகிவிடும். 2011ஆம் ஆண்டின் எண்களை இன்றைய 38 மாவட்ட எல்லைகளில் நிரப்பாமல், அன்றைய 32 மாவட்ட எல்லைகளையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: இவ்வளவு சிரமத்துக்கு இரண்டு தனிப் படங்களை அருகருகே வைத்தால் போதாதா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: ஒவ்வொரு மாவட்டத்தின் அளவையும் தனித்தனியே அறிவதுதான் நோக்கமென்றால் அதுவே சிறந்தது. இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று தேடும்போது மட்டுமே ஒற்றைப் படம் தேவைப்படுகிறது. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துக் கொடுக்கப்போகிறீர்கள் என்றாலும் தனிப் படங்களையே வரையுங்கள்; நகலில் நீலப்பச்சையும் இளஞ்சிவப்பும் ஒரே சாம்பலாகிவிடும்.