மடையை அளக்காமல் வயலைக் குறை சொல்லாதீர்கள்: மூளைப் படம் பற்றிய கேள்வி பதில்

எங்கள் காரைக்குடி அறிவியல் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் கேள்வி நேரம் என் பொறுப்பு. எம்ஆர்ஐ ஆய்வுக்கூடத்தில் பல வருடம் மூளையின் இரத்தக்குழாய்களை அளந்தவன் என்பதால் அதை ஒட்டிய கேள்விகளுக்கு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். மருத்துவ ஆலோசனை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

தேவகோட்டை, கல்லூரி மாணவி: சார், மூளை வேலை செய்வதை எஃப்எம்ஆர்ஐ படம் பிடிக்கிறது என்று படித்தேன். அப்படியானால் இரத்தக்குழாயைத் தனியாக ஏன் அளக்க வேண்டும்?

நல்ல கேள்வி அம்மா. பாடத்தில் ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள். அந்த இயந்திரம் நரம்பு செல்லைப் பார்ப்பதே இல்லை, இரத்தத்தைத்தான் பார்க்கிறது. ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் பக்கத்தில் உள்ள காந்தப்புலத்தைக் குலைக்கும், ஆக்ஸிஜன் ஏறியது அப்படிக் குலைக்காது. பாலிங், கோரியல் என்ற வேதியியலாளர்கள் 1936இல் காட்டிய குணம் இது. 1990இல் செய்ஜி ஒகாவா என்ற விஞ்ஞானி இதை வைத்து எலி மூளையைப் படம் எடுத்தார். 1992இல் மனித மூளைக்கு வந்தது.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே இரத்தம் பாய்கிறது, அதுவும் தேவைக்கு மேலேயே. ஃபாக்ஸ், ரெய்க்கில் என்ற ஆய்வாளர்கள் 1986இல் அளந்தபோது ஓட்டம் 29 சதவீதம் கூடியது, ஆக்ஸிஜன் செலவு 5 சதவீதம்தான் கூடியது. செலவாகாத ஆக்ஸிஜன் சிரைகள் வழியே வடிகிறது. படத்தில் கூடுவது அந்த வடிகால் சிக்னல்தான். சில சதவீத மாற்றம், அதுவும் ஐந்தாறு வினாடி கழித்து உச்சம் தொடும்.

நம் ஊர் முறையில் நினைத்துப் பாருங்கள். கண்மாயிலிருந்து மடை வழியாக வயலுக்குத் தண்ணீர் போகிறது. நாம் வடிகாலில் நின்றுகொண்டு பயிர் எவ்வளவு குடித்தது என்று கணக்குப் போடுகிறோம். மடைப்பலகை இறுகிப் பாதிதான் திறக்கிறது என்றால் கணக்கே தப்பாகும். மடை எவ்வளவு திறக்கும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே மூளைக்குள் இடத்துக்கு இடமும் மாறும். அதனால்தான் அந்த மடையை, அதாவது இரத்தக்குழாயை, தனியாக அளக்கிறோம்.

கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்: தம்பி, பேத்தி படிக்கிற இடத்தில் ஆராய்ச்சிக்காக என் மூளையைப் படம் எடுத்தார்கள். இளசுகளைவிட எனக்கு வெளிச்சம் குறைவாம். மூளை தேய்ந்துவிட்டதா?

அந்த ஒரு படத்தை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது ஆச்சி. வயதானால் குழாய்ச் சுவர் விறைத்துவிடும், முன்போல விரியாது. உங்கள் நரம்பு செல்கள் நன்றாகவே வேலை செய்தாலும் வெளிச்சம் குறைவாகத் தெரியலாம்.

எழுபதைத் தாண்டிய ஒரு தச்சர் எங்களிடம் வந்தார். வலது கையை மூடித் திறக்கச் சொன்னோம். விரல்கள் சரியான தாளத்தில் போயின, ஆனால் சிக்னல் இளைஞர்களுக்கு வந்ததில் பாதி. அப்புறம் குழாய் எவ்வளவு விரிகிறது என்று பார்க்க, கையைச் சும்மா வைத்துக்கொண்டு மூச்சை மட்டும் அடக்கச் சொன்னோம். அதே இடத்தில் அப்போதும் சிக்னல் இளைஞர்களுக்கு ஏறியதில் பாதிதான் ஏறியது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது அவருக்கும் இளைஞர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. மூச்சு அளவு எடுக்காமல் விட்டிருந்தால் அந்த மனிதரின் மூளை மந்தம் என்று எழுதியிருப்போம். குழாயை அளக்காமல் முதியவர்களையும் இளையவர்களையும் ஒப்பிடாதீர்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் நான் சொல்வது இதனால்தான்.

பள்ளத்தூர், யோகா ஆசிரியர்: மூச்சை அடக்கினால் ஆக்ஸிஜன் குறையும். சிக்னல் இறங்கத்தானே வேண்டும்? நீங்கள் ஏறியது என்கிறீர்கள்.

பதினைந்து, இருபது வினாடியில் இரத்தத்தின் ஆக்ஸிஜன் பெரிதாகக் குறையாது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு உடனே சேரத் தொடங்கும். மூளைக் குழாய்களை விரிக்க வைப்பது அதுதான். குழாய் விரிந்தால் ஓட்டம் கூடும், சிரைக்கு ஆக்ஸிஜன் ஏறிய இரத்தம் வரும், சிக்னல் ஏறும்.

கோட்டையூர்: அடிக்கடி தலைவலி. எஃப்எம்ஆர்ஐ எடுக்கலாமா?

வேண்டாம். டாக்டரைப் பாருங்கள். எந்த ஸ்கேன் தேவை என்று அவர் சொல்லட்டும்.

பள்ளத்தூர், யோகா ஆசிரியர் மறுபடியும்: என் மாணவர்கள் ஒரு நிமிடம் அடக்குவார்கள். உங்கள் இருபது வினாடி அவர்களை அசைக்காது. அவர்கள் குழாய் கெட்டது என்று எழுதுவீர்களா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். வினாடியை மட்டும் எண்ணினால் அந்தத் தப்பு நடக்கும். அதனால் மூக்கில் சிறு குழாய் வைத்து, வெளிவிடும் மூச்சின் கடைசியில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பார்க்கிறோம். அது ஒரு மில்லிமீட்டர் பாதரச அளவு ஏறினால் சிக்னல் எத்தனை சதவீதம் ஏறுகிறது என்பதுதான் கணக்கு. இதில் உங்கள் மாணவரும் தச்சரும் ஒரே தராசில் வருவார்கள். இன்னொன்று, மூச்சை இழுத்து அடக்குவதைவிட வெளியே விட்டு அடக்குவது நல்லது. கார்பன் டை ஆக்சைடு சீக்கிரம் ஏறும், தடவைக்குத் தடவை ஒரே மாதிரியும் வரும். அடக்கி முடித்ததும் மிச்ச மூச்சை ஒருமுறை வெளியே விடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அளக்க ஒன்றும் இருக்காது.

புதுவயல், வேதியியல் ஆசிரியர்: இவ்வளவு சிரமம் எதற்கு? 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைக் கொடுத்துவிடலாமே?

கொடுக்கிறார்கள். முகமூடி வைத்து, மருத்துவர் மேற்பார்வையில். அளவு துல்லியமாக வரும். ஆனால் குழந்தைகளும் முதியவர்களும் முகமூடிக்குள் படபடத்துப்போவார்கள், பயத்தில் மூச்சு வேகம் மாறினால் அளவும் மாறும். பையை முகத்தில் கட்டி வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். உயிர் போகும்.

பள்ளத்தூர், மூன்றாம் முறை: அப்படியானால் பிராணாயாமம் மூளைக்கு இரத்தம் கூட்டுகிறது என்று எழுதிக்கொள்ளலாமா?

எழுதாதீர்கள் ஐயா. வேகமாக மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு இறங்கும், குழாய் சுருங்கும், ஓட்டம் குறையும். தலை கிறுகிறுப்பது அதனால்தான். எந்தப் பயிற்சி, எந்த நிமிடம் என்று அளக்காமல் பொதுவாக ஒன்றும் சொல்ல முடியாது.

தேவகோட்டை: ஞாபகமறதிக்கு எஃப்எம்ஆர்ஐ?

கோட்டையூர்க்காரருக்குச் சொன்னதேதான். இதே கேள்வி இன்னும் நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள், எல்லோருக்கும் இதே பதில். ஆனால் திடீரென்று வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ ஒரு கை விழுந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

காரைக்குடி, ஆராய்ச்சி மாணவர்: அண்ணே, சிக்னலை மூச்சு அளவால் வகுத்துவிட்டால் முடிந்ததா?

அவசரப்படாதே தம்பி. சில வாக்ஸல்களில் (படத்தின் சின்னஞ்சிறு கனத்துண்டுகளில்) மூச்சு அளவு பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். அதால் வகுத்தால் விடை வானத்துக்கு எகிறும், நீ பெரிய கண்டுபிடிப்பு என்று ஏமாந்துபோவாய். பெரிய சிரை ஓடும் இடத்தில் இரண்டு சிக்னலுமே பெரிதாக வரும், அது வயலிலிருந்து தள்ளியிருக்கும் வடிகால். வகுப்பதற்குப் பதிலாக மூச்சு அளவைப் புள்ளியியல் மாதிரியில் தனி மாறியாகச் சேர்த்துப் பார். குழாய் எவ்வளவு விரிகிறது என்பதோடு எத்தனை வினாடி தாமதித்து விரிகிறது என்பதையும் இடத்துக்கு இடம் கணக்கெடு. முடிந்தால் ஏஎஸ்எல் முறையும் சேர்த்துக்கொள். கழுத்தில் பாயும் இரத்தத்தின் நீரையே காந்தத்தால் குறியிட்டு ஓட்டத்தை அளப்பது அது. சிக்னல் பலவீனம்தான், ஆனால் வடிகாலை விட்டு வயலுக்குப் பக்கத்தில் வருகிறாய்.

கீழச்சிவல்பட்டி: ஸ்கேனுக்கு முன் காபி குடிக்கலாமா?

ஆய்வுக்கூடத்தில் என்ன சொன்னார்களோ அதன்படி. காபி மூளைக் குழாய்களைச் சுருக்கும். ஒருவர் காலையில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்து, இன்னொருவர் வெறும் வயிற்றோடு வந்தால் இருவர் மூளையையும் ஒப்பிட முடியாது. தினமும் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொன்னாலும் ஓட்டம் மாறும். எப்போது குடித்தார் என்று எழுதி வைப்பதுதான் முக்கியம்.

தேவகோட்டை, முதல் கேள்வி கேட்ட மாணவி: அடுத்த மாதம் ஒரு ஆய்வில் உதவப் போகிறேன் சார். எதைக் கவனிக்க வேண்டும்?

ஹீமோகுளோபின் அளவைக் கட்டாயம் கேட்டு வாங்கு. நம் பக்கம் இரத்தசோகை உள்ளவர்கள் நிறைய, அதுவே சிக்னலை மாற்றும். இரத்த அழுத்த மாத்திரை, கடைசிக் காபி, முந்தின இரவுத் தூக்கம் எல்லாம் குறித்துக்கொள். மூச்சு அடக்கும் பயிற்சியை, ஆய்வுக்கு வருபவரை ஸ்கேனர் மேசைக்கு வெளியே உட்கார வைத்து மூன்று முறை செய்து பார்க்கச் சொல். அப்புறம் மூச்சைப் பதிவு செய்ய வயிற்றில் கட்டும் பெல்ட். படுத்ததும் அது தளர்ந்துவிடும், திரையில் கோடு நேராக ஓடும், அவர் நன்றாக மூச்சை அடக்குகிறார் என்று நினைத்துவிடுவாய். கோடு நேராகப் போனால் முதலில் உள்ளே போய் பெல்ட்டைத் தொட்டுப் பார்.