கரண்டிமூக்கா, சேறு ஒட்டிய மூக்கா?

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “உப்பளத்தில் கொசு உள்ளான் கூட்டத்தோடு, அலகு நுனி தட்டையாக ஒரு பறவையைப் பார்த்தேன். கரண்டிமூக்கு உள்ளானாக இருக்குமா? செல்போனில் எடுத்த மூன்று படங்களும் மங்கல். ஒன்றில் மட்டும் தலையை என் பக்கம் திருப்பியிருக்கிறது. எப்படி உறுதி செய்வது, எங்கே பதிவு செய்வது?”

இருக்கலாம். 1980-களில் கோடியக்கரையிலேயே இது பதிவாகியிருக்கிறது. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு மியான்மர், வங்கதேசம், தாய்லாந்து, தென்சீனக் கரைகளுக்கு வரும் பறவை. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் துள்ளியது. சந்தேகமும் கூடவே வந்தது.

ஏனென்றால், சேற்றில் மேயும் கொசு உள்ளானின் அலகு நுனியில் சேறு உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல் கரண்டிதான். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீரில் அலகை அலசியதும் சேறு போய்விடும், கரண்டி போகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நிஜக் கரண்டிமூக்கு பக்கவாட்டில் நின்றால் அந்த அகலமே தெரியாது. நேர் எதிரே நின்றாலோ, மேலிருந்து பார்த்தாலோதான் தெரியும். பக்கவாட்டில் பத்துப் படம் இருப்பதைவிட முன்பக்கப் படம் ஒன்று மேல், மங்கலாக இருந்தாலும் சரி.

கால் நிறத்தை நம்ப வேண்டாம், இரண்டுக்கும் கறுப்புதான். மேயும் விதத்தைப் பாருங்கள். கொசு உள்ளான் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சட்சட்டென்று கொத்தும். கரண்டிமூக்கு தலையைக் குனிந்தபடி, அலகை ஆழமில்லாத தண்ணீரில் வைத்துத் துழாவிக்கொண்டே நடக்கும். நெற்றியும் மார்பும் கொசு உள்ளானைவிட வெள்ளையாகத் தெரியும். காலில் எழுத்தோ எண்ணோ பொறித்த இளம்பச்சைப் பட்டை இருந்தால் எந்தக் கால் என்று சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவில் மாட்டிய அடையாளமாக இருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். பறவைப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். புத்தகத்தைப் பார்த்த பிறகு, பார்க்காததும் பார்த்ததுபோல் நினைவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நேரம், எத்தனை அடி தூரம், வெயில் எந்தப் பக்கம், பக்கத்தில் நின்ற உள்ளானைவிடப் பெரிதா சின்னதா, எல்லாம் வேண்டும். கோணல்மாணலாக ஒரு படமும் வரையுங்கள். எதைப் பார்க்க முடியவில்லை என்பதையும் எழுதுங்கள்; “கால் தண்ணீருக்குள் இருந்தது” என்ற ஒரு வரி உங்கள் குறிப்பின் நம்பகத்தைக் கூட்டும். அடுத்த முறை பைனாகுலர் கண்ணாடியில் செல்போனை ஒட்டி வைத்து வீடியோ எடுங்கள். அலகு திரும்பும் அந்த ஒரு நொடி அதில் சிக்கும்.

பதிவை, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் இ-பேர்டு (eBird) செயலியில் இடலாம். உறுதி இல்லையென்றால் இனம் குறிப்பிடாமல் ‘சிறு உள்ளான்’ என்ற அளவில் போட்டு, குறிப்பையும் படங்களையும் சேருங்கள். சரிபார்க்கும் தன்னார்வலர்கள் கேள்வி கேட்பார்கள். அரிய பறவை என்றால் யாரிடமும் கேட்பதுதான், மனம் கோண வேண்டாம்.

அப்புறம், கிட்டப் போய்க் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். கடல் நீர் ஏறியிருக்கும் நேரம்தான் அவை ஓய்வெடுக்கும் நேரம். இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நாளைக்கே அதே இடத்துக்குப் போங்கள். சரணாலய எல்லைக்குள் என்றால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று படங்களையும் வெட்டாமல், திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள். தலையைத் திருப்பிய படத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.