முகத்துக்கு அழகு அறுவை சிகிச்சை செய்துகொள்வதில் ஆபத்து எந்த அளவுக்கு இருக்கிறது?

மூக்கா, கண் இமையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, "பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை என்கிறார்கள், நம்பலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் செவிலியர். ஆபரேஷன் முடிந்து கட்டோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை, அதை வைத்துச் சொல்கிறேன்.

உயிருக்கு ஆபத்து வருவது மிக அபூர்வம், அது உண்மைதான். ஆனால் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த ஆபரேஷன் என்பதைப் பொறுத்துச் சிக்கலும் மாறும்.

ஃபேஸ்லிஃப்டையே, அதாவது தொங்கும் முகத் தோலை இழுத்துத் தைக்கும் ஆபரேஷனையே, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி முழுக்க நாங்கள் கவனிப்பது, ஒரு கன்னம் மட்டும் இன்னொன்றைவிடப் பெரிதாகிறதா, ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போகிறதா என்பதைத்தான். தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொண்டால் மேலே இருக்கும் தோலுக்குப் போக வேண்டிய ரத்தமே நின்றுபோகலாம், உடனே தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியே எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் இது முதல் 24 மணி நேரத்துக்குள் வரும், ஆண்களுக்கும் பி.பி. இருப்பவர்களுக்கும் கூடுதலாக வரும், அதனால்தான் தூங்கவிடாமல் திரும்பத் திரும்ப பிரஷர் பார்ப்போம். அப்புறம் "புருவத்தைத் தூக்குங்க, பல்லைக் காட்டுங்க" என்போம். முக நரம்பின் கிளை ஏதாவது அடிபட்டிருந்தால் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், சிலருக்கு ஆகாமலும் போகும். காதுமடல் மரத்துப்போவது இதைவிடச் சாதாரணம்.

மூக்கு வேறு மாதிரி. அங்கே தேவைப்படுவது பொறுமை. வீக்கம் முழுசாக வடிய, முக்கியமாக நுனியில், ஒரு வருஷம் வரைகூட ஆகும், அதற்குள் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து மனம் உடைந்துபோகிறவர்கள் உண்டு. பிடிக்கவில்லை, இன்னொரு தடவை திருத்த வேண்டும் என்றாலும் பெரும்பாலும் அந்த ஒரு வருஷம் காத்திருக்கத்தான் சொல்வார்கள், உள்ளே தழும்பு கட்டியிருப்பதால் இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கஷ்டமானதும்கூட. மூக்கை ரொம்பச் சின்னதாக்கினால் மூச்சுவிடுவதும் சிரமமாகலாம். இதை முன்கூட்டியே கேட்கிறவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு வருத்தம்.

இமையில் தோலை அதிகமாக வெட்டிவிட்டால் கண் முழுசாக மூடாது, கண் உலர்ந்து எரியும். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து பார்வை போவது மிக மிக அபூர்வம், ஆனாலும் கண்ணில் கடும் வலியோ பார்வை மங்கலோ வந்தால் விடியட்டும் என்று ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. முகத்தில் பள்ளத்தையும் சுருக்கத்தையும் நிரப்பப் போடும், கத்தியே படாத ஃபில்லர் ஊசியிலும் இந்த ஆபத்து இருக்கிறது. மூக்கிலோ புருவங்களுக்கு நடுவிலோ போடும் மருந்து தப்பித்தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வைகூடப் போகலாம். ஹையலூரானிக் ஆசிட் ஃபில்லர் என்றால் கரைக்கும் மருந்து உண்டு. அது கையில் இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

சிகரெட் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், ஃபேஸ்லிஃப்டுக்குப் பிறகு காதுக்குப் பின்னால் தோல் கறுத்து உதிர்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் சொல்லிவிடுங்கள், இவற்றில் பல ரத்தக் கசிவைக் கூட்டும். தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் அதையும்.

எந்த டாக்டரிடம் போனாலும் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு முகம் வீங்கினால் நான் யாரைக் கூப்பிடுவது, அவர் வந்து சேர எவ்வளவு நேரமாகும்? இதற்கு நேரான பதில் வராத இடத்தில் நான் என் தங்கையைச் சேர்க்க மாட்டேன். "உங்களுக்கு இது தேவையில்லை" என்று திருப்பி அனுப்புகிற டாக்டர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொன்னால் கேளுங்கள். சின்னக் குறையே நாள் முழுக்க மனதை அரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் அது பெரும்பாலும் தீர்வதில்லை, முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

சரி, நீங்கள் கண்ணாடி போடுகிறவரா? மூக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்குக் கண்ணாடியை மூக்கின் மேல் வைக்க விடமாட்டார்கள். இமை என்றால், கண் ஏற்கெனவே உலர்கிறதா என்பதை முதலில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.