வாசகர் கேள்விகள்: இலையும் தட்டும்

கேள்வி (சிங்கப்பூர், ஈசூன் வாசகி ஒருவர்): உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்ட தட்டை அதற்குரிய அடுக்கில் திருப்பி வைக்க என் தந்தை பல ஆண்டுகளாக மறுத்துவந்தார். “சாப்பிட்டவனே எச்சில் தட்டைத் தூக்குவதா?” என்பார். அபராதம் வந்தபின் எடுத்து வைக்கிறார். அப்படியானால் இயக்கங்களும் சுவரொட்டிகளும் வீண், அபராதம்தான் பயன் தரும் என்று கொள்ளலாமா?

பதில்: உங்கள் தந்தையின் மறுப்பைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். விருந்துக்கு வந்தவர் தம் இலையைத் தாமே எடுக்கப் போனால் வீட்டுக்காரர் பதறி வந்து தடுப்பார்; இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவுவதோடு விருந்தாளியின் பங்கு முடிந்துவிடும். அந்த முறையில் வளர்ந்த ஒருவருக்கு, காசு கொடுத்துச் சாப்பிட்ட இடத்தில் எச்சில் தட்டைச் சுமப்பது மரியாதைக் குறைவாகவே பட்டிருக்கும். 2013இல் தொடங்கிய தட்டுத் திருப்பும் திட்டம் எட்டு ஆண்டுகள் தடுமாறியதற்கு இத்தகைய மனத்தடையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. துப்புரவாளர்களின் பிழைப்பு போய்விடும் என்ற வாதமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அது இரக்கத்தில் பிறந்ததா, வசதிக்காகப் பிறந்ததா என்பதில் எனக்கு இன்னமும் ஐயம் உண்டு.

ஆனால் அபராதம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்ற முடிவுக்குக் கணக்கு இடம் தரவில்லை. 2019இல் உணவங்காடி நிலையங்களில் திரும்பி வந்த தட்டுகள் சுமார் 33 விழுக்காடு. 2021 ஆகஸ்ட்டில் அது ஏறத்தாழ 65 விழுக்காடாகிவிட்டது. சட்ட அமலாக்கம் தொடங்கியதோ அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி. அதன் பிறகும் முதல் முறை பிடிபட்டவருக்கு எழுத்துவழி எச்சரிக்கைதான். 300 வெள்ளி அபராதம் இரண்டாம் முறைக்கே. ஆகவே ஒரு வெள்ளிகூட வசூலாவதற்கு முன்பே எண்ணிக்கை இரட்டிப்பாகியிருந்தது. சட்டம் வரப்போகிறது என்ற அறிவிப்பு, “இது யாருடைய வேலை?” என்ற நீண்ட நாள் வழக்கைத் தீர்த்துவைத்தது. அதுவரை தட்டைத் தூக்கிச் சென்றவரை ஊர் வேடிக்கை பார்த்தது. அதற்குப் பின், தட்டை விட்டுவிட்டு எழுந்தவர் வேடிக்கையானார். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்குகள் வைத்ததையும் குறிப்பிட வேண்டும். அவரவர் மனத்தடையை மதித்து ஏற்பாடு செய்தால், அறிவுரையின் தேவை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

உங்கள் தந்தைக்கு அபராதத்தை நினைவூட்டுவதைவிட வேறொன்றைச் சொல்லிப் பாருங்கள். கல்யாணப் பந்தியில் நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாரே, மதிய வேளையில் உணவங்காடியிலும் அதேபோல ஒருவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார். இங்கே இலை எடுக்க வீட்டுக்காரர் இல்லை. ஆனால் காத்து நிற்கும் அடுத்த விருந்தாளி இருக்கிறார். கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டுத் தம் தட்டைத் தாமே கொண்டுபோய்ப் போடும்போது அவர் கூச்சப்பட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர்): “இரண்டோடு நிறுத்துங்கள்” என்று அரசு சொன்னபோது கேட்ட நாம், மூன்று பிள்ளைகள் பெறச் சொன்னபோது ஏன் கேட்கவில்லை? இத்தனைக்கும் “பதினாறும் பெற்று” என்று வாழ்த்துகிற இனம் நம்முடையது.

பதில்: அந்தப் பதினாறு செல்வங்களைக் குறிப்பது, பிள்ளைகளை அல்ல என்று பெரியவர்கள் விளக்குவதுண்டு, சிங்கப்பூர்க் கல்யாண மண்டபங்களில் அந்த விளக்கம் சற்று அவசரமாகவே வந்துவிடுகிறது.

1972இல் வந்த பிரசாரம் ஆண் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பழக்கத்தை நேராகத் தொட்டது. மகளானாலும் மகனானாலும் இரண்டு போதும் என்றது. ஆயினும் சுவரொட்டி தனியாக வேலை செய்யவில்லை. அடுத்தடுத்த பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் ஏறியது, சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு முதல் இரண்டு பிள்ளைகளோடு நின்றது. அவற்றைவிடப் பெரிது, பெண்கள் தொழிற்சாலை வேலைக்குப் போனதும், கம்பத்து (கிராமத்து) வீடுகளிலிருந்து குடும்பங்கள் அடுக்குமாடிக்கு மாறியதும், பிள்ளையின் படிப்பே குடும்பத்தின் முதலீடானதும். காற்றின் போக்கில் படகு விட்ட கதை அது. 1970களின் பிற்பகுதியிலேயே, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்ற பிறப்பு விகிதம் மக்கள்தொகையை ஈடுசெய்யும் 2.1க்குக் கீழே இறங்கிவிட்டது. 1987இல், வசதியுள்ளவர்கள் மூன்று அல்லது அதற்கு மேல் பெறலாம் என்ற முழக்கம் வந்தபோது அதே காற்று எதிர்க்காற்றாகிவிட்டது. 2001 முதல் வழங்கப்படும் குழந்தை ஊக்கத்தொகையும் அதைத் திருப்பவில்லை. 2023இல் விகிதம் 0.97. வீட்டு விலையையும் வேலை நேரத்தையும் துணைப்பாட வகுப்பையும் கணக்குப் பார்த்து முடிவெடுக்கும் தம்பதியிடம் முழக்கம் என்ன செய்யும்?

கேள்வி (தோ பாயோ வாசகர் ஒருவர்): மேசையில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிக்கும் “சோப்” பழக்கத்தை எந்த இயக்கமும் சொல்லித் தரவில்லையே, பிறகு எப்படி இத்தனை பேர் அதை மதிக்கிறார்கள்?

பதில்: இன்று அடுத்தவரின் பொட்டலத்தை நான் மதித்தால் நாளை என் பொட்டலம் தப்பும் என்ற கணக்கு எல்லாருக்கும் புரிகிறது, அதற்கு அபராதமும் வேண்டாம், பிரசாரச் சின்னமும் வேண்டாம். ஆனால் சூடான மீ (நூடல்ஸ்) கிண்ணத்தோடு ஒரு முதியவர் இடம் தேடி நிற்கும்போது, பொட்டலத்தை ஓரமாக நகர்த்தி அவரை உட்காரவைப்பவர் தவறு செய்துவிட்டதாக நான் கருதவில்லை.