குவாக்கமோலேன்னா என்ன அர்த்தம்?

வணக்கம் அண்ணா,
அவகாடோவ மசிச்சு செய்யற குவாக்கமோலேன்னா 'ஆம்பளை விரை சாஸ்'னு அர்த்தம்னு ஒரு ரீல்ஸ் சுத்திட்டு இருக்கு, ஆபீஸ்ல எல்லாரும் பாத்து ஒரே சிரிப்பு. நிஜமாவே அப்படித்தான் பேரு வெச்சாங்களா? மோலேங்கறது ஸ்பானிஷ்ல அரைக்கறதுன்னு சொல்றாங்களே, அதுவும் சரியா?
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பி,

ரெண்டுமே இல்லப்பா. இது நாவாட்ல் சொல்லு, ஆஸ்டெக் மக்கள் பேசின மொழி, மெக்சிகோல இன்னைக்கும் 16 லட்சம் பேருக்கு மேல பேசறாங்க. ஆவகட்ல்னா அவகாடோ, மோல்லின்னா சாஸ், ரெண்டும் சேரும்போது 'ட்ல்' விழுந்து ஆவகமோல்லி, அது ஸ்பானிஷ்காரங்க வாய்ல முன்னாடி இருந்த 'ஆ' போயி 'வ' 'குவா'வாகி கடைசில குவாக்கமோலேன்னு நின்னுடுச்சு. 1571ல அலோன்சோ தே மோலினாங்கற பாதிரியார் போட்ட அகராதிலயே இந்தச் சொல் இருக்கு, மிளகாய் போட்ட அவகாடோ பண்டம்னுதான் பொருள் எழுதிருக்கார்.

விரைங்கற கதை எங்கிருந்து வந்துச்சுன்னா, அதே அகராதில ஆவகட்ல்க்கு முதல்ல பழம்னு போட்டு அப்புறம் விரைன்னும் போட்டிருக்கு. பழத்தோட உருவத்த வெச்சு வந்த பேச்சு வழக்கு அது, அவ்ளோதான். நம்மூர்லயும் கொட்டைக்கு அந்த அர்த்தம் இருக்கே, அதுக்காக முந்திரிக்கொட்டைக்கு யாராச்சும் அப்படி விளக்கம் சொல்வாங்களா? இத்தனை பேரு வீட்ல பேசற மொழிய ஒரு ரீல்ஸுக்காக இப்படி கேலிப்பொருளாக்கறது எனக்கு சுத்தமா பிடிக்கல.

மோலே விஷயத்துல ஏன் குழம்பறாங்கன்னா ஸ்பானிஷ்ல மோலெர்னா அரைக்கறது, சத்தம் ஒண்ணா இருக்கறதால வந்த வினை. மெக்சிகோல புவெப்லா பக்கம் மிளகாயும் சாக்லேட்டும் போட்டு வைக்கற மோலேங்கற குழம்பு இருக்கு பாருங்க, அதுவும் இந்த மோல்லிதான். அரைக்கற கல்லு பேரே மோல்காஹேதே, மூணு கால் வெச்ச எரிமலைக்கல் கிண்ணம், உள்பக்கம் சொரசொரன்னு இருக்கும், மிளகாயையும் உப்பையும் அதுல முதல்ல நசுக்கிட்டு அப்புறம் பழத்தப் போட்டு மசிப்பாங்க. அந்தப் பேரும் மோல்லியோட கஷித்ல், அதாவது கிண்ணம், சேர்ந்து வந்ததுதான்.

ஸ்பெயின்காரங்க வந்தப்புறம் சேர்ந்ததுன்னா வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. ஆபீஸ்ல யாராச்சும் இது ஸ்பானிஷ் ஐட்டம்னு சொன்னா அந்த மூணுக்கு மட்டும் சரின்னுடுங்க.