இரவு ரோந்தை நடத்தும் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்கிறாள் மகள்: பெற்றோருக்கு

மகள் ரோந்து மேற்பார்வையாளர் ஆக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியிலேயே ஒரு திருத்தம் தேவை. "ரோந்து மேற்பார்வையாளர்" என்று தனியாக ஒரு பதவிக்கு ஆள் எடுப்பதில்லை. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் காவல் நிலையத்து உதவி ஆய்வாளருடையது, அதாவது எஸ்.ஐ.யுடையது. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தும் படிப்படியாக அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் அதற்குப் பல வருட சர்வீஸ் வேண்டும். பட்டம் முடித்த பெண்ணுக்கு நேர்வழி, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வுதான்.

முதலில் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். ரவுண்ட்ஸ் போகும் எஸ்.ஐ. திருடனைத் துரத்தும் நேரம் கொஞ்சம்தான். கிளம்புவதற்கு முன் பீட் காவலர்களை, அதாவது தெருத் தெருவாகச் சுற்றிவரும் காவலர்களை, அழைத்து யாருக்கு எந்தத் தெரு என்று பிரிக்கிறார். வாக்கி டாக்கி, டார்ச், வண்டியில் பெட்ரோல் எல்லாம் சரிதானா என்று பார்க்கிறார். ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் பூட்டிய வீடுகள், ஏடிஎம்கள், நகைக்கடைகள், பழைய குற்றவாளிகளின் வீடுகள் ஆகியவற்றை எந்தெந்த நேரத்தில் பார்ப்பது என்று முடிவு செய்கிறார். நேரத்தை மாற்றிக்கொண்டே இருப்பது முக்கியம். தினமும் இரண்டு மணிக்கு ஜீப் வரும் தெருவில், திருடன் இரண்டேகாலுக்கு வருவான்.

தவறு அதிகம் நடக்கும் இடம் பட்டா புத்தகம். ரோந்துப் பாதையில் ஒவ்வொரு பாயிண்டிலும் வைத்திருக்கும் இந்தப் புத்தகத்தில், வந்துபோன காவலர் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். சில காவலர்கள் ஒரே சுற்றில் எல்லாப் புத்தகத்திலும் வெவ்வேறு நேரம் போட்டுக் கையெழுத்திட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் அங்கே ஒரு வீடு உடைக்கப்பட்டால் விசாரணை காவலரோடு நிற்காது, அவரைக் கண்காணிக்க வேண்டிய எஸ்.ஐ.யிடமும் வரும். அதனால் அவர் திடீரென்று ஒரு பாயிண்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போனதைக் காவல் நிலையத்தின் அன்றாடப் பதிவேடான பொது நாட்குறிப்பில் அந்தந்த நேரத்தோடு எழுதவும் வேண்டும்.

சட்டமும் கையில் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58ஆம் பிரிவின்படி, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. 43ஆம் பிரிவின்படி, சூரியன் மறைந்து மீண்டும் உதிக்கும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலையில், ஒரு பெண் அதிகாரி எழுத்து மூலம் அறிக்கை தந்து நடுவரின் முன் அனுமதி பெற்ற பிறகே செய்யலாம். அதாவது உங்கள் மகளுக்கு ரவுண்ட்ஸ் இல்லாத இரவிலும் அழைப்பு வரலாம். இதை வீட்டில் இப்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

இனி தகுதி. ஏதேனும் ஒரு பட்டம் போதும். குறைந்தபட்ச வயது 20. உச்ச வரம்பு பொதுப் பிரிவுக்கு 30, பி.சி., எம்.பி.சி.க்கு 32, எஸ்.சி., எஸ்.டி.க்கு 35. பெண்களுக்கு உயரம் 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 157. ஆண்களுக்கு முறையே 170, 167. கோச்சிங் கட்டணம் கட்டும் முன் செருப்பில்லாமல், சுவரோரம் நிற்கவைத்து, நாளின் வெவ்வேறு நேரங்களில் அளந்து பாருங்கள். காலையில் சரியாக இருக்கும் உயரம் மாலையில் சற்றுக் குறையும். அரை சென்டிமீட்டரை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் முதன்மைத் தாளையே திருத்துவார்கள். ஆங்கில வழியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கே சறுக்குகிறார்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை வரிவிடாமல் படிக்கச் சொல்லுங்கள். முதன்மைத் தாளுக்கு 70 மதிப்பெண். பொது அறிவுக்கு 40, உளவியல், தர்க்கத் திறனுக்கு 30. மீதி 30இல் உடல்திறனுக்கு 15, நேர்முகத் தேர்வுக்கு 10, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 5. அந்த ஐந்தைக் கடைசி வருடத்தில் தேடினால் கிடைக்காது. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தங்கை இருந்தால் அவளை இப்போதே என்.சி.சி.யில் சேர்த்துவிடுங்கள்.

பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடினால் தகுதி, அதற்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் நீளம் தாண்டுதல், குண்டு அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம் மூன்றிலும்தான். ஒன்றுக்கு ஐந்து. தாண்ட மூன்று வாய்ப்பு உண்டு, ஓட ஒன்றே ஒன்று. தாண்டுதலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளி வைப்பவர்கள் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே வாரம் நான்கு நாள் மைதானம் வேண்டும்.

பெயரில் ஏதாவது வழக்கு இருந்தால் மறைக்கவே வேண்டாம். காவல்துறைச் சரிபார்ப்பில் அது வெளிவரும், மறைத்ததே நிராகரிக்கப் போதுமான காரணமாகிவிடும்.

தேர்வானால் வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் உள்ள காவலர் உயர் பயிற்சியகத்தில் பயிற்சி. சம்பள விகிதம் 36,900 முதல் 1,16,600 ரூபாய் வரை.

உயரம் எட்டவில்லை என்றால் அவளை மூன்று வருடம் மைதானத்தில் அலையவிடாதீர்கள். காவல்துறை அலுவலகங்களின் அமைச்சுப் பணிக்கு, அதாவது சீருடை இல்லாத அலுவலக வேலைக்கு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாகப் போகலாம், அங்கே உயர அளவு கேட்பதில்லை. சட்டத்தில் நாட்டம் இருந்தால் சட்டம் படித்து, வழக்கறிஞராகச் சில வருடம் பழகி, குற்ற வழக்குகளில் அரசுத் தரப்பில் வாதாடும் அரசு உதவி வழக்கு நடத்துநர் பணிக்கான தேர்வு எழுதட்டும். நீதிமன்றத்தில் அவள் கையில் எடுக்கப்போவதும் இதே ரோந்து எஸ்.ஐ. எழுதிய காகிதங்களைத்தான்.