ஸ்பானிய எதிர்காலத்துக்கு ஒரே பட்டியல்

கேள்வி: ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கியிருக்கிறேன். நிகழ்காலத்தில் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என முடியும் வினைகளுக்குத் தனித்தனி விகுதிகள் வந்து குழப்புகின்றன. எதிர்காலத்துக்கும் மூன்று பட்டியல் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரே பட்டியல்தான்: ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஏய்ஸ், ஆன்.

என்னிடம் படிக்கிறவர்கள் தடுமாறும் இடம் வேறு. நிகழ்காலம் எழுதிப் பழகிய கை, இங்கேயும் வினையின் வாலை வெட்டிவிடும். வெட்டாதீர்கள். முழு வினையும் அப்படியே நிற்க, கடைசி 'ர்' மேல் உயிர் வந்து ஏறும். நம் புணர்ச்சியேதான், தமிழருக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டியதில்லை. 'அப்லார்' என்றால் பேசுதல். அப்லரே (பேசுவேன்), அப்லராஸ் (பேசுவாய்), அப்லரா (பேசுவார்), அப்லரேமோஸ் (பேசுவோம்), அப்லரேய்ஸ் (பேசுவீர்கள்), அப்லரான் (பேசுவார்கள்). ஏய்ஸ் ஸ்பெயினில் மட்டும்தான். லத்தீன் அமெரிக்காவில் 'நீங்கள் எல்லோரும்' என்பதற்கும் ஆன் போதும். சாப்பிடுவதற்கான 'கொமேர்' கொமெரே ஆகும், எழுதுவதற்கான 'எஸ்கிரிபீர்' எஸ்கிரிபிரே ஆகும். நிகழ்காலத்தில் உருவமே மாறிப்போகும் 'ஈர்' (போதல்) கூட இங்கே சமர்த்தாக இரே என்று வரும்.

1936-இல் மாட்ரிட் வானொலியில் ஸ்பானிய கம்யூனிஸ்ட் தலைவர் டோலரெஸ் இபாரூரி முழங்கிய 'நோ பசரான்' நினைவிருக்கிறதா? 'பசார்' உடன் ஆன். 'அவர்கள் நுழைய மாட்டார்கள்.'

அழுத்தத்தில் கவனம் தேவை. ஏமோஸ் தவிர மற்ற ஐந்திலும் விகுதியின் உயிர்மேல் சாய்கோடு போட வேண்டும். கோட்டை விட்டால் 'அப்லரா' வேறொரு வினைவடிவமான 'அப்லாரா' ஆகிவிடும், பொருளும் மாறிவிடும்.

இந்த விகுதிகள் எங்கிருந்து வந்தன? 'அபேர்' என்ற துணைவினையின் நிகழ்கால வடிவங்கள்தான் வினையோடு ஒட்டிக்கொண்டன. 1492-இல் காஸ்தீலிய மொழிக்கு, அதாவது ஸ்பானியத்துக்கு, இலக்கணம் எழுதிய நெப்ரிஹாவே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். எல்லா வினைக்கும் ஒட்டியது அதே துணைவினை என்பதால்தான் பட்டியலும் ஒன்று. 'தெனேர்' (வைத்திருத்தல்) தெந்த்ரே ஆவதுபோல ஒரு டஜன் வினைகளில் அடி கொஞ்சம் மாறும்; அங்கேயும் விகுதி மாறாது.

கேள்வி: பேச்சில் 'வோய் ஆ அப்லார்' (பேசப் போகிறேன்) என்றுதானே சொல்கிறார்கள்? அப்புறம் இது எதற்கு?

பதில்: உண்மைதான், லத்தீன் அமெரிக்காவில் அதுவே அதிகம். ஆனால் ஊகத்தைச் சொல்ல இந்த எதிர்காலம்தான் வரும். 'செரான் லாஸ் தியேஸ்' என்றால் 'மணி பத்து இருக்கும்'. 'எஸ்தரா என் காஸா' என்றால் 'வீட்டில் இருப்பார்'. நாமும் இப்படித்தானே பேசுகிறோம்? அந்த இடத்தில் 'வோய் ஆ' அவ்வளவு இயல்பாகப் பொருந்தாது.